தெய்வாத்தாள் வீட்டுக் குறட்டை

பொங்கியண்ணன் இறந்து, காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்து, கடைசி ஒறம்பரைச் சனமும் பஸ் ஏறிப் போன மறுநாள் காலை பத்து மணிக்கு, அவருடைய குறட்டை வழக்கம்போல வீடு வந்து சேர்ந்தது. அடுப்படியில் உட்கார்ந்து தட்டைப்பயறு புடைத்துக்கொண்டிருந்த அவர் பெண்டாட்டி தெய்வாத்தாளுக்கு, இத்தனை வருசப் பழக்கத்தில் கை தானாகப் போய் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து, ஜன்னலைச் சாத்தி, குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த பொம்பளைகளைப் பார்த்து "அட, சித்தெ மெதுவாப் பேசுங்க, அவிய தூங்கறாங்க" என்று சொல்லிவிட்டு, திரும்ப வந்து முறத்தைக் கையில் எடுத்த பிறகுதான் அந்த மனுசன் இல்லையே என்பது ஞாபகம் வந்தது. அவளுக்கு வந்தது, குறட்டைக்கு வரவில்லை. அது பாட்டுக்குச் சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் இழுத்துவிட்டு நின்றது, மறுநாள் பத்து மணிக்குத் திரும்ப ஆரம்பித்தது.

பகலில் என்ன குறட்டை என்று கேட்பீர்கள். பொங்கியண்ணன் நூல்மில்லில் ராத்திரி ஷிப்டுக்காரர். மற்றவர்களுக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும், இவருக்கு மட்டும் மாறவே மாறாது. பிள்ளைக்குக் காய்ச்சல், மச்சினிக்குக் கல்யாணம், மாமனாருக்கு மூச்சு இழுக்குது என்று எவன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றாலும் "சரி, நீ போ" என்று அவன் ராத்திரியையும் வாங்கித் தன் தலையில் போட்டுக்கொள்கிற சுபாவம். அப்படி வாங்கி வாங்கி, கல்யாணமான வருசத்திலிருந்து ரிட்டையரான வருசம் வரைக்கும் ஊரான் ராத்திரிகளையெல்லாம் அவரே கண்விழித்துத் தீர்த்தார், ரிட்டையரான பிறகும் உடம்பு திருந்தவில்லை, ராத்திரியெல்லாம் வாசலில் உலாத்திவிட்டுப் பகலில்தான் கட்டையைச் சாய்த்தார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் போய்விட்டால் அவர் படுத்திருந்த பாய், தலைகாணி, மெத்தை எல்லாவற்றையும் பாடைக்குப் பின்னாலேயே கொண்டுபோய்ச் சுடுகாட்டு வழியில் எறிந்துவிட வேண்டும், அப்புறம் அதை யாரும் தொடக்கூடாது. பொங்கியண்ணனுடைய இலவம்பஞ்சு மெத்தையும் அப்படித்தான் போனது. அதனால் திரும்பி வந்த குறட்டைக்குப் படுக்க இடமில்லை. திங்கட்கிழமை அரிசி டிரம்முக்குள் கேட்டது, செவ்வாய்க்கிழமை பீரோவுக்கு மேலே கேட்டது, ஒருநாள் முழுக்க வாஷிங் மெஷினுக்குள் கிடந்து உறுமியதில், கரண்டே இல்லாமல் துணி துவைக்கிறதோ என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஓ, அண்ணனா" என்று சொல்லி மறுபடி மூடிவிட்டுப் போனாள்.

நத்தக்காட்டுவலசு தறி ஊர். வீட்டுக்கு நாலு விசைத்தறி, தெருவுக்கு ரெண்டு தறிக்குடோன், ராவும் பகலும் டடக் டடக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். அங்கே ரெண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொண்டால் வெளியூர்க்காரன் சண்டை என்று நினைத்து விலக்கிவிட வருவான். அந்தச் சத்தத்துக்குள் ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிற தறிக்காரர்கள் பகலில் கண்ணை மூடிப் படுப்பார்களே தவிர, தூக்கம் என்று ஒன்று வந்து அவர்கள் பார்த்ததில்லை. செவந்த கண்ணோடு எழுந்து, செவந்த கண்ணோடு தறிக்குப் போய், பாதித் தூக்கத்தில் அறுந்த நூலைப் பார்க்காமல் விட்டுத் துணியில் கோடு விழவைத்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட தறிக்காரன்தான் மயில்சாமி. சாவுக்கு வர முடியாமல் போய்விட்டதே என்று ஒருநாள் காலையில் துக்கம் விசாரிக்க வந்தவன், தெய்வாத்தாள் தண்ணீர் சொம்பை எடுத்துவரப் போன இடைவெளியில் வாசப்படியில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனான், சாயங்காலம் குறட்டை நிற்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. எழுந்தவனுக்கு முகமே வேறு. "யக்கோவ், பக்கத்துல தறி ஓடறதே தெரியலீங்க்கா. எங்கியோ பஸ்ஸுக்குள்ள ஒக்காந்துட்டு அடுத்த ஊர்த் தறியைக் கேக்கற மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, விசாரிக்க வந்த துக்கத்தை விசாரிக்காமலே போய்விட்டான்.

மறுநாள் அவன் தம்பியையும் கூட்டிவந்தான். அதற்கடுத்த நாள் அவன் குடோனே வந்தது. அப்புறம் சொல்ல வேண்டுமா, பாயும் போர்வையுமாக வாசல் நிறைந்தது, வாசல் நிறைந்து ஆசாரம் என்கிற முன்கூடம் நிறைந்தது, ஆசாரம் நிறைந்து உள்ரூமும் அடுப்படி மூலையும் நிறைந்தது. யாரோ சாமியானா கட்டினார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு எதிரில் வந்துவிட்டார். பெண்டாட்டிமார்கள் விடியக்காலையிலேயே வந்து தங்கள் புருசன் படுக்கிற இடத்தில் ஒரு செம்பைக் கவிழ்த்து இடம் பிடித்து வைத்தார்கள். பல் முளைக்கிற குழந்தைகளைத் தூக்கிவந்து குறட்டை கேட்கிற சுவர் பக்கமாகத் தோளில் சாய்த்து நின்றார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி ஒருநாள் வந்து, உச்சிப்பூசை மணி அடிக்கிறபோது மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிக்கும்படி பீரோவைப் பார்த்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார், பொங்கியண்ணனும் உயிரோடு இருந்தபோது யார் பேச்சையும் தட்டாதவர், அன்றிலிருந்து அந்த நேரத்தில் குறட்டை ஒரு விசில் அளவுக்கு இறங்கியது. ஊரில் துணி கோடில்லாமல் விழ ஆரம்பித்தது. தறி முதலாளிகளுக்குத் தலைகால் புரியவில்லை.

தூங்காத ஒரே ஆள் தெய்வாத்தாள்தான். அவள் புடைத்துக்கொண்டிருந்தாள், தேய்த்துக்கொண்டிருந்தாள், எழுந்தவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். பகல் முழுக்கக் குறட்டை, ராத்திரியில் அது இல்லாத வெறும் வீடு, அதைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் பாயை விரித்துக் கண் விழித்துக் கிடந்தாள். கண்ணுக்குக் கீழே கரி அப்பியமாதிரி ஆகிவிட்டது. "எப்படீங்க்கா இருக்கீங்க" என்று கேட்காத ஆளில்லை. பதில் வருகிற வரைக்கும் நின்ற ஆளும் இல்லை, கேட்டுக்கொண்டே பாயைத் தட்டி விரித்துவிடுவார்கள்.

இந்தச் சேதி வெளியில் கசிந்ததும் விற்பனைக்காரர்கள் மொய்த்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு கூட்டம். குறட்டை இருக்கிற வீடு என்றால் அதை நிறுத்தத்தானே வேண்டும் என்று அவரவராகவே முடிவு பண்ணிக்கொண்டு ஒருவர் சத்தம் புகாத தெர்மாக்கோல் பலகையோடு வந்தார், ஒருவர் மூக்கில் விடுகிற தைலத்தோடு வந்தார், விடுவதற்கு மூக்கு எங்கே என்று கேட்டதற்கு வீட்டு மூலைகளில் தெளித்தால் போதும் என்றார். ஒரு கம்பெனிக்காரர் இதை நிறுத்த வேண்டாம், பதிவு பண்ணி வைக்கலாம் என்று மைக்கும் ஸ்பீக்கருமாக வந்தார். யார் வந்தாலும் தெய்வாத்தாள் "சரி சாமி, வெச்சுட்டுப் போ" என்றாள். வைத்துவிட்டுப் போனார்கள். ஒன்றும் வேலைக்காகவில்லை. வீட்டில் ஆள் போக மிச்ச இடத்தையெல்லாம் தீர்வுகள் அடைத்துக்கொண்டன.

கடைசியாக வந்தவள் கோகிலவாணி. ஈரோட்டில் ஒரு மெத்தை கம்பெனியில் ஆர்டர் பிடிக்கிற வேலை. அவள் குடும்பத்தில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான், ரெண்டு மாசமாக ஒரு பெரிய ஆர்டர்கூட விழவில்லை, மேனேஜர் ஆல்பர்ட் கூப்பிட்டு, "வாணி, இந்த மாசமும் இப்படின்னா அடுத்த மாசம் வரவேண்டாம்" என்று பாக்குப் போட்டுக்கொண்டே சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் நத்தக்காட்டுவலசு தறி முதலாளிகள் சங்கத்திலிருந்து போன் வந்தது. சங்கத் தலைவர் வையாபுரிக்கு ஒரு யோசனை. பொங்கியண்ணன் வீட்டையே சங்கம் எடுத்துக்கொண்டு ஓய்வு மண்டபம் ஆக்கிவிடலாம், தரையில் படுக்கிறவர்களுக்கு மெத்தை போட்டுவிடலாம், மேலே ஒரு மாடியும் எழுப்பி அங்கேயும் மெத்தை போடலாம். அப்படி ஒரு ஆர்டர் விழுந்தால் கோகிலவாணி அந்த வருசம் முழுக்கக் கால்மேல் கால் போட்டுக்கொள்ளலாம்.

"எல்லாம் முடிஞ்ச மாதிரிதானுங்க. அந்தம்மா சரின்னு ஒரு வார்த்தை சொல்லோணும், அவ்வளவுதான். மகள் ஊட்டுக்குத் திருப்பூர் போயிரட்டும். ஒண்டியா இந்தச் சத்தத்துல கெடந்து என்ன பண்றது, பாவம்" என்றார் வையாபுரி. "நீங்க பொம்பளை, போய்ப் பதமா மெத்தையைக் காட்டிப் பேசி, சரி வாங்கிட்டு வாங்க. மத்தியானத்துக்குள்ள முடிச்சுருவோம்."

கோகிலவாணி ஒரு குட்டியானை வண்டியில் டபுள் மெத்தை ஒன்றைக் காட்டுவதற்காக ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். மணி பத்தரை. சாமியானாவுக்குக் கீழே வரிசை வரிசையாக ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குட்டியானையின் டிரைவர் கயிற்றை அவிழ்க்கிறேன் என்று கீழே இறங்கியவர், பாதிக் கயிற்றோடு டயரில் சாய்ந்து அவரும் தூங்கிவிட்டார். சரி, இவரை எழுப்பிப் பிரயோசனமில்லை என்று கோகிலவாணி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தூங்குகிறவர்களின் கைகால்களுக்கு நடுவில் தாண்டித் தாண்டி உள்ளே போனாள்.

கம்பெனியில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று, கஸ்டமர் வாயைத் திறக்கிறதுக்குள் மெத்தையை விரித்துவிட வேண்டும். அவளும் ஆரம்பித்தாள். ஸ்பிரிங் எப்படி, ஃபோம் எப்படி, முதுகெலும்பு எப்படி, கேரண்டி எப்படி என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அடுப்படி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தெய்வாத்தாள் தலையை நிமிர்த்தாமல், "சரி சாமி, வெச்சுட்டுப் போ" என்றாள்.

சரி சொல்லியாகிவிட்டது. அந்தச் சரியை அப்படியே தூக்கிக்கொண்டு வையாபுரியிடம் ஓடியிருக்கலாம், வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். ஆனால் வைத்துவிட்டுப் போக இடம் பார்த்தாளே, அங்கேதான் மாட்டிக்கொண்டாள். தெர்மாக்கோல் பலகை ஒரு பக்கம், ஸ்பீக்கர் பெட்டி ஒரு பக்கம், தைலப் புட்டிகள், காதடைக்கும் பஞ்சு, உடைக்காத அட்டைப் பெட்டிகள், நடுவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற தறிக்காரர்கள். ஒரு டபுள் மெத்தைக்கு அந்த வீட்டில் வழியே இல்லை.

"ஏனுங்கம்மா, உங்க பழைய மெத்தை எங்க கெடந்துச்சுங்க?" என்று கேட்டாள். இடத்துக்காகத்தான் கேட்டாள்.

தெய்வாத்தாளின் கை வெங்காயத்தில் நின்றது. "உள்ரூமுல. செவுத்தோரமா" என்றவள், கேட்டது யார் என்று பார்க்கிற மாதிரி முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்குக் கண்ணு கேக்கறே?"

"இவ்வளவு சாமான் வாங்கி வெச்சிருக்கீங்க, ஒண்ணுகூடப் பிரிக்காமக் கெடக்குது. அதான் கேக்கறேன். உங்களுக்கு இந்தக் குறட்டை நிக்கணுமுங்களா?"

"நிக்கோணும்னு நான் சொல்லலியே."

"அப்ப இருக்கணுமுங்களா?"

"இருக்கோணும்னும் சொல்லலியே."

கோகிலவாணிக்கு எரிச்சல் வந்தது. ரெண்டும் இல்லையென்றால் எதைத்தான் விற்பது? "அப்ப என்னதானுங்கம்மா வேணும்?"

"ஆரு கேட்டா?" என்றாள் தெய்வாத்தாள். அதைக் கோபமாகச் சொல்லவில்லை, தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். சொன்ன பிறகு முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள், வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். "நெசமாலுமே தெரியல கண்ணு. தூங்கோணும். எப்பிடின்னாவது தூங்கோணும். இந்த வூட்டை உட்டுட்டுப் போனா தூக்கம் வரும்ங்கறாங்க. எனக்கென்னமோ போற எடத்துக்கெல்லாம் அவிய பொறத்தாலயே வருவாங்கன்னு தோணுது. அவிய எதுக்கு வாராங்கன்னே தெரியாம எங்க போய்த் தூங்கறது?"

கோகிலவாணி விரித்து வைத்திருந்த கேட்லாக்கை மடித்துப் பைக்குள் போட்டாள். பிறகு ஒரு தைலப் பெட்டியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் கையில் நாலு வெங்காயத்தையும் எடுத்துக்கொண்டாள். கடை மெத்தைகளைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் பழசைக் கொடுத்துப் புதுசு வாங்குகிற சீசனில் ஜனங்கள் கொண்டுவந்து போடுகிற பழைய மெத்தைகளைப் பார்த்துப் பார்த்து, எந்த மெத்தையில் யார் எப்படிப் படுத்தார்கள் என்று குழியைத் தடவிச் சொல்கிற அளவுக்குத் தேறியிருந்தாள். அதனால், "அந்தப் பழைய மெத்தையில எந்தப் பக்கமுங்க குழி?" என்று கேட்டாள்.

"செவுத்துப் பக்கம். அவிய படுக்கற பக்கம். ஆளைப் படுக்க வெச்ச மாதிரியே இருக்கும், தலைக்கு ஒரு குழி, இடுப்புக்கு ஒரு குழி."

"இந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம் எங்கம்மா ஊட்டுச் சீரு வந்தப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே. சுடுகாட்டு வழியில எறியறப்ப எல்லாரும் கேட்டாங்க, பாதி மெத்தை புதுசாட்டம் இருக்குதே, இதைப் போயி எறியறீங்களேன்னு."

"நீங்க அதுல படுக்கவே இல்லீங்களா?"

தெய்வாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாக் கேட்டே போ. ராத்திரி அவிய மில்லுக்குப் போயிருவாங்க, நான் புள்ளைய வெச்சுட்டு அடுப்படியில பாய். காலையில அவிய வந்து படுத்தா எனக்குச் சோலி ஆரம்பம். தண்ணி புடிக்கோணும், தறிக்கு நூல் தார் சுத்தோணும், சோறாக்கோணும், அவிய தூங்கறப்ப தெருவுல ஒரு ஈ காக்கா சத்தம் போடாமப் பாத்துக்கோணும். எனக்கு ஏது கண்ணு பகல்ல படுக்கறதுக்கு நேரம்?"

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாருங்களா?"

"சொல்லுவாங்களே. தெனம் மத்தியானம் ஒரு தரம் பெரண்டு படுப்பாங்க. அப்ப குறட்டை நின்னுரும். கண்ணைத் தொறக்காமயே கையால அந்தப் பக்கத்தைத் தட்டிட்டு, 'நீயும் சித்தெ வந்து படு, புள்ளே'ம்பாங்க. நானும் இங்கிருந்தே 'வாரேன், சோலி கெடக்குது'ம்பேன். திரும்பியும் குறட்டை ஆரம்பிச்சுரும்."

"தெனமுங்களா?"

"தெனமும். கடைசி நாளும் கேட்டாங்க. நான் வடகம் காயப் போட்டுட்டு இருந்தேன்."

வெளியில் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன, அஞ்சறைப் பெட்டி வைத்திருந்த அலமாரிக்குள் குறட்டை நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கோகிலவாணிக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் பயமும் வந்தது, ஏனென்றால் வாயை மூடிக்கொண்டிருந்தால் மத்தியானத்துக்குள் ஆர்டர் அவள் கையில், வாயைத் திறந்தால் இந்த வீட்டில் ஒரு மெத்தைக்கும் அவசியமில்லாமல் போய்விடலாம். ஆல்பர்ட்டின் பாக்கு மெல்லுகிற வாய் கண்முன்னால் வந்தது. அடுத்த மாசத்தை எப்படி ஓட்டுவது என்று நினைத்தாள், ஒரு வழியும் தெரியவில்லை. பிறகு தெய்வாத்தாளின் கண்ணுக்குக் கீழே இருந்த அந்தக் கறுப்பைப் பார்த்தாள், பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி அவளால் இருக்க முடியவில்லை.

"அம்மா, நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு நீங்கதான் சொல்லணும். தப்புன்னா தப்புன்னு சொல்லிருங்க. இந்த ஊர்ல எல்லாரும் அவருக்குத்தான் என்னமோ கொறைன்னு நினைச்சுட்டு இருக்காங்க. மெத்தை போயிருச்சு, படுக்க எடமில்லை, அதான் அலையறார்னு. அவரு எடத்துக்கு அலையலீங்க. நீங்க வாரேன், வாரேன்னு சொல்லிட்டே இருந்தீங்கள்ல, அதுக்குக் காத்துட்டு இருக்காரு. சரிங்களா?"

தெய்வாத்தாள் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். அரிவாள்மனையை மடக்கி ஓரமாக வைத்தாள். "அடப் பாவி மனுசா" என்றாள். அப்புறம், "சரிதான் கண்ணு" என்றாள்.

ரெண்டு பொம்பளைகளுமாக உள்ரூமைக் காலி பண்ணினார்கள். தீர்வுகளையெல்லாம் தூக்கிக் கொல்லையில் போட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த மூன்று தறிக்காரர்களைப் பாயோடு சேர்த்து இழுத்து ஆசாரத்தில் விட்டார்கள், ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை, ஒருவர் மட்டும் "ஸ்டாப்பிங் வந்துருச்சா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார். குட்டியானையிலிருந்து மெத்தையை இறக்கி, தூங்குகிறவர்களின் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, வாசப்படியில் இடித்து, கதவு நிலையில் இடித்து, மூச்சு வாங்கச் சுவரோரமாகக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

போட்டார்களே தவிர, தெய்வாத்தாள் படுக்கவேண்டுமே! பால் அடுப்பில் இருக்குது என்றாள். கோகிலவாணி போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். வெங்காயம் பாதியில் கிடக்குது என்றாள். கிடக்கட்டும் என்றாள் கோகிலவாணி. நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க, பட்டப்பகல்ல ஒரு பொம்பளை மல்லாந்து படுத்தா என்றாள். "ஊரே உங்க ஊட்டுல வந்து பட்டப்பகல்ல மல்லாந்து கெடக்குதுங்கம்மா" என்றதும் அதற்குமேல் சாக்கு ஒன்றும் கிடைக்காமல், புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, மெத்தையின் இந்தப் பக்க விளிம்பில், டவுன் பஸ்ஸில் சீட்டு நுனியில் உட்காருகிற மாதிரி ஒட்டியும் ஒட்டாமலும் படுத்தாள். கால் ரெண்டும் இன்னும் தரையில்தான் இருந்தன. கோகிலவாணி குனிந்து அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே வைத்தாள்.

அலமாரிக்குள் குறட்டை நின்றது. அப்புறம் ஆசாரத்தில் கேட்டது, தூங்குகிறவர்களுக்கு மேலாகத் தாண்டித் தாண்டி வருவது கேட்டது, உள்ரூம் கதவு நிலையைக் கடந்தது, அங்கே நின்றுகொண்டிருந்த கோகிலவாணியின் தோளில் மில் பஞ்சு வாடை உரசிக்கொண்டு போனது. மெத்தையின் சுவர்ப்பக்கம் மெல்ல இறங்கியது, தலைக்கு ஒரு குழி, இடுப்புக்கு ஒரு குழி. ஏறியது, இறங்கியது, விசிலடித்தது. மெத்தை ஒரு தரம் அசைந்து, யாரோ புரண்டு படுத்தமாதிரி குழி இந்தப் பக்கம் பார்த்துத் திரும்பியது. சத்தம் நின்றுவிட்டது.

தெய்வாத்தாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை, கூரையைப் பார்த்தபடியே, கன்னத்தில் தண்ணீர் ஓட, "படுத்துட்டனுங்க" என்றாள்.

அதைச் சொல்லி வாயை மூடினாளோ இல்லையோ, தூங்கிவிட்டாள்.

குறட்டை நின்றதும் ஊர் எழுந்தது. உள்ரூம் வாசலில் நிறுத்திவைத்த கதவு மாதிரி நின்றுகொண்டிருந்த கோகிலவாணி பார்த்துக்கொண்டே இருந்தாள், ஆசாரத்தில் ஒருவர் எழுந்து உட்கார்ந்தார், அவர் பக்கத்தில் ஒருவர், அடுப்படி மூலையில் ஒருவர், வாசலில் சாமியானாவுக்குக் கீழே வரிசை வரிசையாகத் தலைகள் நிமிர்ந்தன. பல மாசமாக எங்கோ தள்ளி நின்றிருந்த தறிச்சத்தம் திடும் என்று எல்லோர் காதிலும் வந்து இறங்கியது. என்னாச்சு, எங்க போச்சு, யாரு நிறுத்துனது என்று ஒரே கூச்சல். மயில்சாமி கலைந்த தலையோடு முன்னால் வந்தான். அவனுக்குப் பின்னால், டீக்கடையில் உட்கார்ந்திருந்த வையாபுரி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏம்மா! சரி வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புனா என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? குறட்டை எங்கீங்க?"

"மெதுவாப் பேசுங்க. அந்தம்மா தூங்கறாங்க" என்றாள் கோகிலவாணி.

"அந்தம்மா தூங்குறதுக்கா உங்களைக் கூப்பிட்டேன்?"

"இல்லீங்க. ஆனா அந்தம்மாவுக்கு வேண்டியது அதுதானுங்க. நான் கேட்டுட்டேன்."

வையாபுரி ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவள் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து அப்படியே நின்றார். மயில்சாமியும் பார்த்தான். பின்னால் இருந்தவர்கள் குதிகாலை உயர்த்திப் பார்த்தார்கள். தெய்வாத்தாள் ஒருக்களித்து, வாய் கொஞ்சம் திறந்து, ஒரு கை அந்தப் பக்கம் நீண்டு கிடக்க, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் யாரும் அவள் தூங்கிப் பார்த்ததில்லை. அவள் கைக்குப் பக்கத்தில் இருந்த குழி, பக்கத்தில் படுத்திருப்பவளை எழுப்பிவிடக்கூடாது என்று எழுந்திருக்கிற ஆள் எப்படி எழுந்திருப்பானோ அப்படி, முதலில் தலைப்பக்கம், பிறகு தோள்பக்கம், நிறுத்தி, மறுபடி இடுப்புப் பக்கம் என்று கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. மெத்தை சமமானது. ஆளில்லாத மெத்தை எப்படி இருக்கும் என்று கோகிலவாணிக்குத் தெரியும், அந்தப் பக்கத்தில் இப்போது யாரும் இல்லை.

அவள் வாசலிலிருந்து விலகி நின்றாள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆசாரத்தில் நின்றவர்கள் சுவரோடு சுவராக ஒட்டினார்கள், உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள், வாசல்வரைக்கும் ஒரு ஆள் நடந்து போகிற அளவுக்கு வழி விழுந்தது. வையாபுரி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மில் பஞ்சு வாடை ஒவ்வொருவர் முன்னாலும் வந்து போனது. புறப்படுகிறவர்களைப் போயிட்டு வாங்க என்றுதான் அந்த ஊரில் சொல்வார்கள், சின்னக் குழந்தைக்குக்கூட அப்படித்தான் சொல்லிப் பழக்குவார்கள்.

"போங்கண்ணா" என்றான் மயில்சாமி.

சாமியானா ஒருதரம் அசைந்து நின்றது. கோகிலவாணியின் பையில் போன் அடித்தது, ஆல்பர்ட்டாகத்தான் இருக்கும், அவள் எடுத்து அணைத்துவிட்டு உள்ரூம் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் எதிர்க் குடோனில் ஒரு தறி நின்றது, மயில்சாமி போய் நிறுத்தியிருக்க வேண்டும். அப்புறம் அதற்குப் பக்கத்துத் தறி நின்றது. தெருக்கோடி வரைக்கும் ஒவ்வொன்றாக நின்று, நத்தக்காட்டுவலசில் எவருக்கும் பழக்கமில்லாத ஒரு அமைதி வந்து சேர்ந்தது. வையாபுரி போய் யாரையும் தறியை ஓட்டச் சொல்லவில்லை. தெய்வாத்தாள் தூங்கிக்கொண்டிருந்தாள்.